மாஸ்டடானா, புளூஸ்கையா? இரண்டிலும் கணக்கு வைத்திருப்பவனின் மதிப்பீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்விட்டரில் இருந்த கூட்டமும் பரபரப்பும் அப்படியே வேண்டும் என்றால், அதற்கு மாற்றாகப் பேசப்படுகிற இந்த இரண்டு சமூக வலைத்தளங்களுமே உங்களுக்குச் சரிப்படாது. நான் இவற்றை எடை போடுவது வேறு ஒரு கேள்வியை வைத்து: நாளைக்கே நிர்வாகம் கெட்டுப்போனால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப முடியுமா, கிளம்பினால் என்னென்ன கூட வரும்?

பெரிய கம்பெனிகளின் தளங்களில் இதற்கான பதில் சின்னது. உங்கள் பதிவுகளை ஒரு ஜிப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், கணக்கை அழிக்கலாம், அவ்வளவுதான். வருடக்கணக்கில் சேர்த்த ஆட்கள் கூட வரமாட்டார்கள், அதனால்தான் திட்டிக்கொண்டே அங்கேயே கிடக்கிறோம். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார், நிறையப் பேர் மாஸ்டடான் பக்கம் நகர ஆரம்பித்தார்கள், டிசம்பரில் மாஸ்டடான் முகவரிக்கு இணைப்பு கொடுப்பதையே ட்விட்டர் தடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த விதியை எடுத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம், ஆனால் வெளியே போகிற வழியை அடைக்க ஒரு ஆள் நினைத்தால் போதும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

சரி, மாஸ்டடான். 2016இல் ஜெர்மனியில் ஓய்கென் ரோச்கோ என்பவர் ஆரம்பித்தது. மென்பொருள் இலவசம், யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் நிறுவி நடத்தலாம். சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறை வழியாக, அதை 2018 ஜனவரியில், இணையத்துக்கான பொது விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தரநிலையாக அறிவித்தது. மின்னஞ்சலில் எந்த நிறுவனத்துக் கணக்கிலிருந்தும் எந்த நிறுவனத்துக் கணக்குக்கும் எழுதலாமே, அதே மாதிரிதான். வீடியோவுக்கான பியர்டியூப், படங்களுக்கான பிக்செல்ஃபெட் எல்லாம் இதே வலையில்தான் இருக்கின்றன, மாஸ்டடான் கணக்கிலிருந்தே ஒரு பியர்டியூப் சேனலைப் பின்தொடரலாம். இது முதல் தடவை வேலை செய்வதைப் பார்க்கும்போது உண்மையிலேயே ஒரு சந்தோஷம் வருகிறது.

டைம்லைன் வந்த வரிசையிலேயே வரும், விளம்பரம் இல்லை, நடுவில் அல்காரிதம் எதையும் திணிக்காது. ஆனால் நீங்கள் யாரையும் தேடிப் பின்தொடரவில்லை என்றால் திரை காலியாகவே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் பாதிப் பேர் இங்கேயே சலித்துப்போகிறார்கள். அப்புறம் பதில்களின் விவகாரம். ஒரு பதிவுக்கு இரண்டே பதில்தான் இருக்கிறது என்று பார்ப்பீர்கள், அதே பதிவை அது எழுதப்பட்ட சர்வரில் போய்ப் பார்த்தால் இருபது இருக்கும், ஏனென்றால் உங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்த பதில்களை மட்டும்தான் அது காட்டும். அண்மைப் பதிப்புகளில் இதைச் சரிசெய்ய ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் சர்வர் அட்மின் அந்தப் பதிப்புக்கு மாறியிருக்க வேண்டும். இங்கே எதைச் சொன்னாலும் கடைசியில் அட்மினிடம்தான் வந்து நிற்கும்.

அட்மின் என்றால் பெரும்பாலும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, நன்கொடையில் சர்வர் ஓட்டுகிற ஒரு மனிதர். நான் முதலில் இருந்த சின்ன சர்வரை நடத்தியவர், இனி முடியவில்லை, மூடப்போகிறேன் என்று ஒருநாள் அறிவித்துவிட்டார். கோபப்பட ஒன்றுமில்லை, முன்கூட்டியே சொன்னார். ஆனால் நான் மேலே கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் கிடைத்தது அப்போதுதான். புது சர்வரில் கணக்கு திறந்து, அதன் அமைப்புகளில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகப் பதிந்து, பழைய கணக்கிலிருந்து இடமாற்றம் கொடுத்தால், பின்தொடர்பவர்கள் தாமாகவே புதுக் கணக்குக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் ஒரு பொத்தானைக்கூடத் தொட வேண்டாம். நான் யார் யாரைப் பின்தொடர்கிறேன் என்ற பட்டியலை ஒரு சிஎஸ்வி கோப்பாக எடுத்துப் புது சர்வரில் ஏற்றினேன். ஆட்கள் வந்தார்கள், பதிவுகள் வரவில்லை. எழுதியது எல்லாம் பழைய சர்வரோடு போனது, கையில் இருப்பது ஒரு பிரதிக் கோப்பு மட்டும். சர்வர் உயிரோடு இருக்கும்போதே இதையெல்லாம் செய்தாக வேண்டும், அது திடீரென்று நின்றுபோனால் இடமாற்றமும் கிடையாது.

அட்மினின் அதிகாரம் இன்னொரு பக்கமும் வெட்டும். பிடிக்காத சர்வரை மொத்தமாகத் துண்டித்துவிடலாம். 2019இல் காப் என்ற தீவிர வலதுசாரித் தளம் மாஸ்டடான் மென்பொருளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது பல சர்வர்கள் இதைத்தான் செய்தன, எந்த மையக் கம்பெனியும் தலையிடாமல் விஷயம் முடிந்தது. ஆனால் இரண்டு அட்மின்கள் சண்டை போட்டுத் துண்டித்துக்கொண்டால், நடுவில் உங்கள் நண்பரோடு இருந்த தொடர்பும் அறுந்துபோகும், உங்களை யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. மாஸ்டடானின் தனிச்செய்தி என்பது உண்மையில், குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் தெரிகிற ஒரு பதிவுதான். முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது, சர்வரை நடத்துபவர் நினைத்தால் படிக்கலாம். அதைவிட வேடிக்கை, அந்தச் செய்திக்குள் மூன்றாம் ஆளைப் பற்றி எழுதும்போது @ போட்டு அவர் முகவரியைச் சேர்த்துவிட்டால் செய்தி அவருக்கும் போய்விடும். ஒருவரைப் பற்றிப் புறம் பேச இது சரியான இடம் இல்லை.

புளூஸ்கை பழகுவதில் மாஸ்டடானுக்கு நேர் எதிர். உள்ளே நுழைந்ததும் பழைய ட்விட்டர் மாதிரியே இருக்கும், சர்வர் எது என்று யாரும் மண்டையைக் குடைய மாட்டார்கள். 2019இல், ட்விட்டரை நிறுவியவர்களில் ஒருவரான ஜாக் டோர்சி அதற்குள்ளேயே தொடங்கிவைத்த திட்டம், பிறகு தனிக் கம்பெனியானது, 2024 பிப்ரவரியில் அழைப்பு இல்லாமலே யாரும் சேரலாம் என்று திறந்துவிட்டார்கள். டோர்சியே அதே வருடம் இயக்குநர் குழுவிலிருந்து விலகிவிட்டார். சொந்த இணைய டொமைனையே பயனர் பெயராக வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம், ஒரு செய்தி நிறுவனத்தின் கணக்கு போலியா என்று சரிபார்க்கக் காசு கொடுத்து வாங்கிய நீல டிக்கைவிட இது எவ்வளவோ மேல். எந்தப் பதிவுகள் வர வேண்டும் என்று தேர்ந்து காட்டும் ஃபீடை யார் வேண்டுமானாலும் செய்து கொடுக்கலாம், வேண்டியதைப் பொருத்திக்கொள்ளலாம். 300 எழுத்து வரம்பில் 'கு', 'டி' எல்லாம் ஒரே எழுத்தாகத்தான் எண்ணப்படுகின்றன. எக்ஸ் (ட்விட்டரின் இன்றைய பெயர்) இவற்றை இரண்டிரண்டாக எண்ணிக் கழிக்கும், தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். மாஸ்டடானில் சாதாரணமாக 500, சர்வர் விரும்பினால் கூட்டலாம்.

என் கேள்விக்குக் காகிதத்தில் புளூஸ்கையின் பதில்தான் சிறந்தது. புளூஸ்கை இயங்குகிற ஏடி நெறிமுறையின்படி உங்கள் பதிவு, விருப்பம், பின்தொடரல் எல்லாம் ஒரே பெட்டகத்தில் இருக்கும், அதைத் தூக்கிக்கொண்டு வேறு சர்வருக்குப் போகலாம், பதிவுகளோடு. நடைமுறையில் பெரும்பாலான பேர் அந்தக் கம்பெனியின் சர்வர்களிலேயே இருக்கிறார்கள், போக வேறு பெரிய இடமும் இல்லை. 2024 அக்டோபரில் 1.5 கோடி டாலர் முதலீடு வாங்கியிருக்கிறார்கள், போட்ட காசை முதலீட்டாளர்கள் ஒருநாள் திருப்பிக் கேட்பார்கள், அன்றைக்கு விளம்பரமா சந்தாவா என்று பார்க்கலாம். அப்புறம், நீங்கள் யாரை பிளாக் செய்திருக்கிறீர்கள் என்பது அங்கே பொதுத் தகவல், அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

நடுவில் மெட்டாவின் த்ரெட்ஸ். 2023 ஜூலையில் வந்து ஐந்தே நாளில் பத்துக் கோடிப் பேரைச் சேர்த்தது, 2024இல் ஆக்டிவிட்டிபப் வழியாக மாஸ்டடானோடும் கைகோத்தது. பல சர்வர்கள் மெட்டாவை உள்ளே விடமாட்டோம் என்று முன்பே துண்டித்துவிட்டார்கள். மிகையான பயம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூகுளின் அரட்டைச் சேவையான கூகுள் டாக் 2006இல் எக்ஸ்எம்பிபி என்ற பொது நெறிமுறை வழியாக மற்ற சர்வர்களோடு பேசியது, 2013இல் அதற்குப் பதிலாக ஹேங்கவுட்ஸ் வந்தபோது அந்த உறவைக் கழற்றிவிட்டது. த்ரெட்ஸில் இருக்கிற ஒருவரை மாஸ்டடானிலிருந்து பின்தொடர்வதில் தவறில்லை, நானும் செய்கிறேன், ஆனால் கணக்கு அங்கே வேண்டாம்.

என் மதிப்பெண்: தினசரி பேச்சுக்கும் செய்திக்கும் புளூஸ்கை, பத்து வருடம் கழித்தும் அதே ஆட்களோடு இருக்க நினைத்தால் மாஸ்டடான். மாஸ்டடானில் சேர்வதானால் சர்வரின் அழகான பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். எத்தனை பேர் நடத்துகிறார்கள், வரவு செலவுக் கணக்கு வெளியிடுகிறார்களா, மூடுவதாக இருந்தால் எவ்வளவு நாள் முன்னே சொல்வார்கள் என்று அவர்களின் அறிமுகப் பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். செயலிக்கு ஆண்ட்ராய்டில் டஸ்கி இலவசம், நன்றாக இருக்கிறது. ஐஃபோனில் ஐவரி, சந்தா கட்ட வேண்டும். அதைச் செய்தவர்கள் முன்பு ட்விட்டருக்கான ட்வீட்பாட் செயலியைச் செய்தவர்கள், 2023 ஜனவரியில் ட்விட்டர் வெளிச்செயலிகளை எல்லாம் ஒரே இரவில் துண்டித்தபோது பிழைப்பை இழந்து இந்தப் பக்கம் வந்தார்கள்.