தேக்காவில் வாங்கும் குர்த்தி: பருத்தியா, ரேயானா, 'மூங்கிலா'?

சிங்கப்பூரின் தேக்கா கடைகளில் ரேயான் குர்த்திகள் குவிந்து கிடக்கின்றன. பாலியெஸ்டர் வகை என்று நினைத்து அதை ஒதுக்குபவர்கள் உண்டு. உண்மையில் ரேயானும் பருத்தியும் ஒரே சரக்குதான்: தாவரச் செல்சுவரில் இருக்கும் செல்லுலோஸ். அரிசியின் மாவுச்சத்தைப் போல இதுவும் குளுக்கோஸ் கோத்த சங்கிலியே. மாவுச்சத்தில் பிணைப்பு வேறு விதம், சங்கிலி சுருண்டுகொள்ளும், நமக்குச் செரிக்கும். செல்லுலோஸ் சங்கிலிகளோ நேராக நீண்டு, பக்கத்தில் உள்ளதோடு ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிக்கொள்ளும். மரம் நிமிர்ந்து நிற்பதும் வேட்டி உழைப்பதும் அதனால்தான்.

பருத்தியில் ஒரு சங்கிலிக்கு ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள். ரேயானுக்கோ மரக்கூழைக் காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்பைடு என்ற நச்சு ரசாயனம் கொண்டு கரைத்து, அமிலத்தில் இழையாகப் பீய்ச்சுவார்கள். 1892ல் பிரிட்டனில் காப்புரிமை பெற்ற முறை இது. அதில் சங்கிலி சில நூறு அலகுகளாகக் குறுகி, அடுக்கும் தளர்ந்துபோகிறது.

தளர்ந்த இடத்தில் தண்ணீர் எளிதாகப் புகும். அதனால் வியர்வையை உறிஞ்சுவதில் ரேயான் பருத்தியையே மிஞ்சும். நம் புழுக்கத்துக்கு உடம்பில் குளுமையாகத் தவழும். வம்பு துவைக்கும்போதுதான். நனைந்த பருத்தி இழைக்குப் பலம் கூடும், ரேயான் இழையோ ஏறத்தாழ பாதிப் பலத்தை இழக்கும். வாளியில் ஊறிய ரேயானைத் தொட்டுப் பாருங்கள், பலகை மாதிரி விறைத்திருக்கும். அதை முறுக்கிப் பிழிந்து, சொட்டச் சொட்ட மூங்கில் கழியில் மாட்டினால் தன் பாரத்திலேயே நீளும். மழைக்காலத்தில் காய்வதற்குள் பொறுமை போய்விடும்.

'மூங்கில் துணி' என்று கூடுதல் விலைக்கு விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழில் செய்த ரேயானே. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009லேயே இப்படி விற்றவர்கள்மீது நடவடிக்கை எடுத்தது. கூடுதல் காசு கொடுப்பதாக இருந்தால் லயோசெல்லுக்குக் கொடுங்கள். அதுவும் மரக்கூழ்தான், ஆனால் கார்பன் டைசல்பைடு இல்லை. கரைப்பானையும் ஏறக்குறைய முழுவதுமாக மீட்டுவிடுகிறார்கள். ஈரத்திலும் ரேயானைவிட நன்றாகத் தாங்கும்.

தினசரி அலுவலகத்துக்கும் பிள்ளைகளுக்கும் என் ஓட்டு பருத்திக்கே. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் ரேயான் போதும். அதைக் கையால் அலசி, பிழியாமல், துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றி எடுத்துப் படுக்கைவாக்கில் உலர்த்துங்கள்.