பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ கடை, எங்க ஆயாவுக்கு பார்சல் வாங்குற கடை

சென்னை பீச் ஸ்டேஷன்ல இறங்கி ரோட்ட தாண்டி செகண்ட் லைன் பீச் தெரு பக்கம் நடந்தீங்கன்னா சாயங்காலம் 5 மணிக்கெல்லாம் பூண்டு வறுக்குற வாசனை வந்துடும், அங்க வரிசையா நிக்கிற வண்டிங்கள்ல ஒண்ணுதான் நான் சொல்றது, பேர் போர்டு கிடையாது, ஒரு அக்காவும் அவங்க தம்பியும் நடத்துறாங்க. நான் காலேஜ் படிக்கிறப்ப இருந்து போய்ட்டு இருக்கேன், 12 வருஷம் ஆச்சு. இத்தன நாள் எழுதாம இருந்ததே தப்புன்னு தோணிச்சு, அதான் இப்ப எழுதுறேன்.

மொதல்ல சாப்பாடு. அத்தோன்னா பர்மா நூடுல்ஸ், ஒரு பிளேட் 80 ரூபா. ஆரஞ்சு கலர்ல தடியான நூடுல்ஸ், அதுல பொடியா சீவுன முட்டைகோஸ், பச்சை வெங்காயம், வறுத்த வெங்காயம், வறுத்த பூண்டு, கடலை மாவு, மிளகாத் தூள், உப்பு, புளித்தண்ணி, பூண்டு வறுத்த எண்ணெய், கொத்தமல்லி, மேல பேஜோங்கிற தட்டை மாதிரி மொறுமொறு பலகாரத்த நொறுக்கிப் போடுவாங்க. அந்த அக்கா எல்லாத்தையும் ஒரு கிண்ணத்துல போட்டு கையாலதான் பிசைவாங்க, ஸ்பூன் போட்டா மாவு ஒரு பக்கம் எண்ணெய் ஒரு பக்கம் நின்னுடும், விரல்ல எடுத்து லேசா நசுக்கி விட்டாத்தான் எல்லாம் நூடுல்ஸ்ல ஒட்டும். பர்மா பாஷைல கையால கலந்து பிசையுற ஐட்டத்துக்குத்தான் அந்தப் பேரே, அதனால கையப் போட்டுப் பிசையுறாங்களேன்னு மூஞ்ச சுளிக்கிறவங்க வேற கடைக்கு போய்க்கலாம். கூடவே வாழத்தண்டு சூப், எத்தன கிண்ணம் கேட்டாலும் காசு கிடையாது. முட்டை மசாலா 2 வாங்குங்க, அவிச்ச முட்டைய கீறி உள்ள வறுத்த வெங்காயம் பூண்டு வெச்சு புளித்தண்ணி ஊத்தித் தருவாங்க, முழுசா வாய்ல போட்றணும், கடிச்சு சாப்ட்டா சட்டையெல்லாம் போயிடும்.

மொய்ங்காவும் இருக்கு. மெல்லிசு நூடுல்ஸ்ல இதே சூப்ப ஊத்தி பேஜோ போட்டுத் தருவாங்க. பர்மால இது மீன் குழம்புல செய்யறது, அங்க காலை டிஃபனே இதுதான், நமக்கு இட்லி மாதிரி. இங்க மீன் போயிடுச்சு, வாழத்தண்டு மட்டும் நின்னுடுச்சு. எனக்கு இந்த ருசி பழகிடுச்சு, ஆனா எங்க ஆயா ஒத்துக்கவே மாட்டாங்க.

ஆயா பத்தி சொல்லாம இந்தக் கடையப் பத்தி எழுத முடியாது. அவங்க 1938ல ரங்கூன்ல பொறந்தவங்க. ரங்கூன்னா அப்ப பாதி ஊருக்கு மேல இந்தியர்கள்தான், 1931 கணக்கெடுப்பே அப்படித்தான் சொல்லுது, மூட்டை தூக்கறவங்கள்ல இருந்து வட்டிக்கு விடுற செட்டியார் வரைக்கும் நம்மாளுங்க. அந்த 1938 ஜூலைல ஒரு புத்தகத்துல புத்த மதத்த இழிவா எழுதிட்டாங்கன்னு ஷ்வேடகோன் புத்தர் கோயில்ல கூட்டம் கூடி, அங்கிருந்து ஊர்வலமா போய், மொதல்ல முஸ்லிம் கடைங்கள அடிச்சாங்க, அப்புறம் கலவரம் பெருசாகி இந்தியன்னு தெரிஞ்சாலே பயம்தான். எங்க கொள்ளுப்பாட்டி வயித்துல அப்ப ஆயா. பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா ஒருத்தங்க தன்னோட லுங்கிய கட்டி விட்டு, கன்னத்துல பர்மாக்காரங்க மாதிரி தனக்கா மரப்பட்டை விழுது பூசி, தன் வீட்டு அடுப்பு பக்கத்துலயே 3 நாள் உக்கார வெச்சிருந்தாங்களாம், காலைல காலைல மீன் போட்ட மொய்ங்கா குடுத்தாங்களாம். புத்தகத்த எழுதினது யாரு, அதுல என்ன இருந்துச்சுன்னு ரெண்டு பொம்பளைங்களுக்கும் தெரியாது. ஆயா மீன் மீன்னு சொல்றது அந்த மொய்ங்காவத்தான், அவங்க அம்மா சொல்லிச் சொல்லி அவங்களே சாப்ட்ட மாதிரி ஆயிடுச்சு.

அப்புறம் 1941 டிசம்பர் 23 ஜப்பான்காரன் ரங்கூன்ல குண்டு போட்டான். அஞ்சு லட்சம் பேர் அளவுக்கு பர்மாவ விட்டு இந்தியாவுக்கு கிளம்புனாங்க, பெரும்பாலும் நடந்தேதான், காட்டு வழியில காலராவுலயும் பசியிலயும் செத்தவங்க பல்லாயிரம். ஆயாவுக்கு வயசு 3, அவங்க தம்பி கைக்குழந்தை, வந்து சேந்தது ஆயா மட்டும். சண்டை முடிஞ்சு குடும்பம் மறுபடி ரங்கூனே போச்சு, ஏன் போனீங்கன்னு நான் சின்ன வயசுல கேட்டிருக்கேன், "வூடு அங்கதான கண்ணு இருந்துச்சு"ன்னு சொன்னாங்க.

1962 மார்ச்ல ராணுவத் தளபதி நே வின் ஆட்சியப் புடிச்சாரு, அவங்க கூட்டத்துக்கு பேரே புரட்சிக் கவுன்சில். 1964ல கடைங்களையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, போர்டக் கழட்டிட்டு மக்கள் கடைன்னு நம்பர் போட்டாங்க. தாத்தா ஒரு சின்ன மளிகைக் கடை வெச்சிருந்தவரு, காலைல சாவியோட போனவரு சாவி இல்லாம வந்தாரு. அதே வருஷம் மே மாசம் 50 கியாட், 100 கியாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க, பொட்டில இருந்ததெல்லாம் வெறும் காகிதம். அப்புறம் இந்தியாவுக்கு கப்பல் ஏறுறப்ப சோதனை போட்டவங்க ஆயா கழுத்துல கிடந்த தாலியக் கூட விடல, மஞ்சக் கயித்தோடதான் மெட்ராஸ்ல இறங்குனாங்க. அப்படி வந்தவங்களுக்கு பொழப்புக்குன்னு 1969ல வந்ததுதான் பர்மா பஜார் கடைத்தெரு, வந்தவங்க கைப்பக்குவத்துல வந்ததுதான் இந்த அத்தோ வண்டிங்க.

இதுல நான் கண்ணால பாத்தது ஒண்ணு இருக்கு. ஆயா வீட்ல பெரிய நோட்டு வெச்சிக்கவே மாட்டாங்க. அப்பா சம்பளம் குடுத்தா மறுநாளே கடைக்குப் போய் பத்து, இருபதா மாத்திட்டு வந்து ஹார்லிக்ஸ் பாட்டில்ல ரப்பர் பேண்ட் போட்டு அடுக்குவாங்க, நாங்க எல்லாம் கிண்டல் பண்ணுவோம். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாதுன்னு டிவில சொன்னப்ப நான் ஆயா மூஞ்சியத்தான் பாத்தேன், கை நடுங்குது, பேசவே இல்ல, எழுந்து போய் பாட்டில எடுத்துட்டு வந்து மடியில வெச்சிக்கிட்டாங்க. அடுத்த 2 வாரம் எங்க தெருவுல பால் வாங்க, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுக்கு குடுக்கன்னு எல்லாரும் எங்க வீட்டுக்குத்தான் வந்தாங்க, 52 வருஷத்துக்கு முன்னாடி ரங்கூன்ல பட்டது அந்த பாட்டில்ல இருந்துச்சு.

அத்தோ அக்காவும் அதே ரகம்தான். ஜிபே ஸ்டிக்கர் இருக்கு, ஆனா சில்லறையா குடுத்தா மொகம் மலரும். அவங்க சொந்தக்காரங்க கொஞ்ச பேர் மணிப்பூர்ல பர்மா பார்டர் ஓரமா மோரேங்கிற ஊர்ல இருக்காங்க. திரும்ப பர்மாவுக்கே போயிடலாம்னு தரை வழியா போய், உள்ள விடாததால எல்லையிலயே தங்கிட்ட தமிழ் ஆளுங்க, அங்கயே அங்காளபரமேஸ்வரி கோயில் கட்டியிருக்காங்க. 2020ல கொரோனாவுக்கு எல்லை மூடுனது, 2021 பிப்ரவரில மியான்மர்ல மறுபடி ராணுவம், 2023 மே மாசம் மணிப்பூர்ல மைதேயி, குக்கி இனத்துக்காரங்களுக்குள்ள கலவரம், ரெண்டு பக்கமும் இல்லாத இவங்களுக்கு பார்டர் வியாபாரம்தான் சோறு. அக்கா பிசைஞ்சுக்கிட்டே ஃபோன தோள்ல இடுக்கி "எல்லாரும் உள்ளதான இருக்கீங்க, யாரும் வெளிய போவாதீங்க"ன்னு பேசுனத அந்த மே மாசம் பக்கத்துல நின்னு கேட்டேன். அன்னிக்கு அத்தோல உப்பு ரெண்டு தடவ விழுந்துடுச்சு, யாரும் ஒண்ணும் சொல்லல.

சரி கொறை சொல்லணும்னா, உக்கார இடம் கிடையாது, 8 மணிக்கு மேல போனா வாழத்தண்டு தீந்து சூப் வெறும் தண்ணியா வரும், எண்ணெய் ஜாஸ்திதான், அல்சர் இருக்கவங்க பாத்துக்கங்க. கை கழுவ ஒரே ஒரு பக்கெட், அத கடைக்காரங்க மாத்தியே ஆகணும். மத்தபடி 5க்கு 4.5 தாராளமா குடுப்பேன். போன வருஷம் ஒரு ஏசி ஓட்டல்ல இதே அத்தோவ 340 ரூபாவுக்கு ஃபோர்க் வெச்சு குடுத்தாங்க, சூப்புக்கு தனி பில்லு, பூண்டு கருகி கசப்பு. இங்க 80 ரூபாவுல கெடைக்கிறது அங்க இல்ல.

பார்சல் வாங்கினா கலக்காம தனித்தனியா கட்டித் தரச் சொல்லுங்க, இல்லன்னா வீடு போறதுக்குள்ள பேஜோ ஊறிடும். வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஆயாவுக்கு அப்படித்தான் எடுத்துட்டு போறேன், இப்ப அவங்களுக்கு 87 வயசு, பல்லு இல்ல, ஆனா பிசையுறது மட்டும் அவங்களேதான், என்னைத் தொட விடமாட்டாங்க. போன வாரம் சாப்ட்டு முடிச்சிட்டு ஹார்லிக்ஸ் பாட்டில்ல இருந்து பத்து ரூபா நோட்டு எட்டு எண்ணி என் கைல வெச்சாங்க. "அடுத்த தபா பூண்டு எண்ணெய் கூட ஊத்தச் சொல்லு. மீன் போட்டு மொய்ங்கா செய்வாளான்னும் கேளு." அக்கா கிட்ட கேட்டேன், ஞாயித்துக்கிழமை வீட்ல செஞ்சு தரேன்னு சொல்லியிருக்காங்க, கெளுத்தி மீன் நான்தான் வாங்கிட்டு போகணும்.