வழவழப்பான ஹை-கெய்ன் ஆம்ப் எது? எஸ்.எல்.ஓ. 100-ம் அதன் மூன்று போட்டியாளர்களும்

ஹை-கெய்ன் கிட்டார் ஆம்பை, அதாவது சிக்னலை மிகையாகப் பெருக்கி வேண்டுமென்றே டிஸ்டார்ஷன் தரும் ஆம்பை, ஆன் செய்ததும் எல்லாரும் முதலில் பவர் கார்டுதான் (ஒரு சுரமும் அதன் பஞ்சமமும்) அடிப்பார்கள். அந்தப் பரீட்சையில் எந்த ஆம்பும் தோற்காது. கெய்னை வேண்டிய மட்டும் ஏற்றிவிட்டு, ஆறாம் கம்பியில் 5-ஆம் ஃப்ரெட்டையும் ஐந்தாம் கம்பியில் 4-ஆம் ஃப்ரெட்டையும் சேர்த்து அடித்துப் பாருங்கள். ஏ, சி ஷார்ப்: மேஜர் தேர்டு எனப்படும் ஜோடி. அதாவது 110 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட 138.6 ஹெர்ட்ஸ். டிஸ்டார்ஷனுக்குள் இரண்டு சுரங்கள் ஒன்றாகப் போனால் அவற்றின் வித்தியாசமும் ஒரு புதுச் சுரமாக வெளியே வரும். இங்கே அது 28.6 ஹெர்ட்ஸ், கார்டோடு ஒட்டாத ஓர் உறுமல். பவர் கார்டில் 110-ம் சுமார் 165-ம் சேர்ந்தால் வித்தியாசம் 55. அது ஏ-வுக்கே ஒரு ஆக்டேவ் கீழே இருப்பது. அதனால்தான் மட்டமான ஆம்பிலும் பவர் கார்டு கம்பீரமாக நிற்கிறது.

மேஜர் தேர்டு அடிக்கும்போது கார்டு கார்டாகவே கேட்டால் அந்த ஆம்ப் வழவழப்பானது. சேற்றில் கால் வைத்த மாதிரி குழைந்தால், கெய்ன் எத்தனை இருந்தும் பயனில்லை.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? சிக்னல் கிளிப் ஆவதற்கு (அலையின் முனை வெட்டுப்படுவதற்கு) முன்னால் பேஸ் எவ்வளவு குறைக்கப்படுகிறது, கிளிப் ஆன பிறகு ட்ரெபிள் எவ்வளவு மழுக்கப்படுகிறது என்ற இரண்டு முடிவுகளில்தான் பெரும்பாலும் விஷயம் அடங்கியிருக்கிறது. முதல் டியூபின் கத்தோட் என்ற மின்முனையில் 22 அல்லது 25 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தால் பேஸ் முழுதாக உள்ளே போகும். கிளீன் ஆம்புக்கு அது அழகு. நான்கு கெய்ன் அடுக்கு வரிசையாக நிற்கும் ஆம்பில் அதே பேஸ் ஒவ்வோர் அடுக்கிலும் பருத்து, கடைசியில் பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி) அடித்தால் நீரில் ஊறிய அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி கேட்கும். 1 அல்லது 0.68 மைக்ரோஃபாரட் போட்டவர்கள் அடியைக் குறைத்தே உள்ளே அனுப்புகிறார்கள். மறுமுனையில், கிளிப் ஆன பின் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே மிஞ்சுவதுதான் ஈ மொய்க்கிற மாதிரி ஒட்டிக்கொண்டே வரும் அந்த இரைச்சல். அதை எப்படி வெட்டுகிறார்கள் என்பதில்தான் மெருகு இருக்கிறது. அடியோடு வெட்டிவிட்டால் போர்வை போர்த்தின சத்தம் வரும், அதுவும் ஆகாது.

இந்தக் கணக்கை மிகச் சரியாகப் போட்ட ஆம்ப் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் சோல்டானோ எஸ்.எல்.ஓ. 100-ஐத்தான் சொல்ல வேண்டும். மைக் சோல்டானோ 1987-இல் வெளியிட்டது. 100 வாட், 6எல்6 குடும்பத்து பவர் டியூப் நான்கு, ப்ரீஆம்பில் 12ஏஎக்ஸ்7. ஓவர்டிரைவ் சேனலின் நடுவில் ஓர் அடுக்குக்கு 39 கிலோஓம் கத்தோட் ரெசிஸ்டர் போட்டிருக்கிறார். மார்ஷல் 2203-இல் இதே வேலையைச் செய்வது 10 கிலோஓம். இவ்வளவு பெரிய மதிப்பு அந்த டியூபை அணையும் நிலைக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்கிறது. அதனால் அலையின் ஒரு பாதி சட்டென்று வெட்டுப்படுகிறது, மறுபாதி பெரும்பாலும் தப்பித்துப் போகிறது. அடுத்த அடுக்கும் டோன் கன்ட்ரோலுக்கு முன்னால் நிற்கும் கத்தோட் ஃபாலோயர் என்ற டியூப் அடுக்கும் அந்த வெட்டின் முனைகளைத் தேய்த்து உருட்டுகின்றன. பின்னால் வந்த பீவி 5150, மேசா ரெக்டிஃபையர் ஆம்புகளும் இந்த 39 கிலோஓம் வழியில் பிறந்தவைதான். ஆனால் இரண்டுமே முனையைத் தேய்ப்பதில் இவ்வளவு அக்கறை காட்டவில்லை.

வாசித்தால் என்ன தெரிகிறது? லீடில் சுரம் தொண்டையிலிருந்து வருகிற மாதிரி திரண்டு வருகிறது. 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே போனாலும் மெலியவில்லை. பிக் கம்பியைத் தொடும் அந்தச் சின்ன 'டிக்' மட்டும் முன்னால் நிற்கிறது, அதற்குப் பின்னால் கரகரப்பு இல்லை. கிட்டாரில் வால்யூமை 4-க்குக் குறைத்தால் கெய்ன் இறங்குகிறது, ஆனால் டோன் உயிரோடு இருக்கிறது. தொடங்க ஒரு செட்டிங்: ஓவர்டிரைவ் ப்ரீஆம்பைக் கடிகார முள் 12 அல்லது 1 மணி காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். பேஸ் 11, மிடில் 1, ட்ரெபிள் 11, பிரசன்ஸ் 10. புதிய தயாரிப்பில் பின்பக்கம் இருக்கும் டெப்த் நாபைச் சின்ன அறையில் 9 மணிக்கு மேல் ஏற்ற வேண்டாம். ப்ரீஆம்பை 3 மணிக்குக் கொண்டுபோனால் கெய்ன் பெரிதாகக் கூடாது, கம்ப்ரெஷனும் இரைச்சலும்தான் கூடும்.

குறைகளும் உண்டு. இரண்டு சேனலுக்கும் ஒரே பேஸ்-மிடில்-ட்ரெபிள். ஓவர்டிரைவுக்கு அமைத்தால் கிளீன் மந்தமாகும், கிளீனுக்கு அமைத்தால் ஓவர்டிரைவ் பல்லைக் கூசவைக்கும். ரிவெர்ப் கிடையாது. மாஸ்டர் வால்யூமைத் தொட்டவுடன் சத்தம் எகிறுகிறது, வீட்டில் அந்த நாப் முதல் கால் சுற்றைத் தாண்டாது. இதற்கு 30 வாட் எஸ்.எல்.ஓ. மாற்றாகுமா என்றால் ஓரளவுதான். 100-லிருந்து 50 வாட்டுக்கு இறங்கினால் குறைவது 3 டெசிபல், 30-க்கு இறங்கினால் சுமார் 5. காதுக்குப் பாதியாகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். ஆகவே வாட்டைப் பார்த்து 'வீட்டுக்கு ஏற்றது' என்று முடிவு கட்டாதீர்கள். வீட்டுக்கு வேண்டியது ரியாக்டிவ் லோட், அதாவது ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் பெட்டி.

மேசா பூகி மார்க் IIC+ முற்றிலும் வேறு வழியில் அதே ஊருக்குப் போகிறது. 1980-களின் நடுவில் வந்தது. 2016-இல் வந்த ஜேபி-2சி அதன் நேர் வாரிசு. இதில் டோன் கன்ட்ரோல் கெய்ன் அடுக்குகளுக்கு முன்னாலேயே இருக்கிறது. அதனால் ட்ரெபிள் நாப் பாதி கெய்ன் நாப் மாதிரி வேலை செய்யும். பேஸ் நாபை ஏற்றினால் பேஸ் கூடாது, கொழகொழப்புதான் கூடும். மார்க் ஆம்பைக் கேட்டு 'இது சரியில்லை' என்று திருப்பித் தந்தவர்களில் பாதிப் பேர் பேஸை 12 மணியில் வைத்து வாசித்தவர்களாகத்தான் இருப்பார்கள். பேஸை 9 மணிக்கும் கீழே இறக்கி, ட்ரெபிளை 2 மணிக்கு ஏற்றுங்கள். இழந்த அடியை 5 பட்டை கிராஃபிக் ஈக்யூவில் 80 ஹெர்ட்ஸ் ஸ்லைடரை உயர்த்தித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அது கிளிப் ஆன பிறகு வருவதால் சேறாகாது. 750 ஸ்லைடரைக் கொஞ்சம் மட்டும் இறக்குங்கள். அடிமட்டத்துக்கு இழுத்தால் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும், டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். ஒற்றைச் சுர லீடுக்கு எண்ணெய் வார்த்தது போன்ற ஓட்டம் என்றால் நான்கில் இதுதான் முதல். கார்டுகளில் எஸ்.எல்.ஓ. ஒரு படி மேலே.

போக்னர் எக்ஸ்டஸி 101பி இஎல்34 பவர் டியூப் நான்கு கொண்டது. மூன்று சேனல், சின்னச் சின்ன ஸ்விட்ச் ஏராளம். நான்கில் மிகவும் மன்னிக்கிற ஆம்ப் இது. விரல் தடுக்கினாலும் மூடிமறைத்துவிடும். அதுவே சிலருக்குக் குறை. வேக ரிஃபில் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகத் தெறிக்க வேண்டும் என்பவர்கள் இதில் ஒரு மெத்தை நடுவில் இருப்பதாக உணர்வார்கள். ஸ்விட்சுகளோடு மல்லுக்கட்டுவதில் ருசி இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம். நல்ல டோன் உள்ளே இருக்கிறது, அதைத் தேடி எடுக்கப் பொறுமை வேண்டும்.

2007-இல் வந்த ஈவிஎச் 5150 III பட்டியலில் இருப்பது ஒரே காரணத்துக்காக: நீலச் சேனல். எல்லாரும் சிவப்புச் சேனலைத்தான் பேசுவார்கள், அது கடிக்கிற சேனல். நீலத்தில் கெய்னை 11 மணிக்கு வைத்து, பிரசன்ஸை 10-க்கு இறக்கினால் எஸ்.எல்.ஓ.வின் பக்கத்து வீடு வரை வந்துவிடும். 50 வாட் பதிப்பில் பச்சைக்கும் நீலத்துக்கும் ஈக்யூ பொது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆம்பில் இவ்வளவு ஆராய்ந்துவிட்டு ஸ்பீக்கரில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. செலஸ்டியன் வின்டேஜ் 30 (60 வாட்) 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு வைத்திருக்கிறது. இசைக்குழுவில் கிட்டாரை முன்னே தள்ளுவது அந்த மேடுதான், காதைக் குத்துவதும் அதேதான். மெருகு வேண்டுமென்றால் ஜி12எச்-75 கிரீம்பேக்கை முதலில் கேளுங்கள், 75 வாட் தாங்கும். 25 வாட் கிரீன்பேக் நான்கு போட்ட கேபினெட் காகிதத்தில் 100 வாட் தாங்கும். ஆனால் 100 வாட் ஆம்பை முழுக்கத் திருப்பினால் அதைத் தாண்டிப் போகும், ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் (கம்பிச் சுருள்) கருகும். இ.வி.எம். 12எல் மார்க் ஆம்போடு நன்றாகச் சேரும், அதன் காந்தத்தின் கனத்தைத் தோள் தாங்க வேண்டும். இரண்டு வேறு ஸ்பீக்கரைக் கலந்து போடுவதானால் ஓம் மதிப்பு ஒன்றாக இருக்கட்டும், உணர்திறனும் 2 டெசிபலுக்குள் இருக்கட்டும். இல்லையென்றால் சத்தமான ஸ்பீக்கர் மட்டும்தான் கேட்கும்.

இன்னொன்று, 12 அங்குல ஸ்பீக்கரின் ட்ரெபிள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேரே போகும். கேபினெட் தரையில், காது ஐந்தடி மேலே என்று வைத்துக்கொண்டு அமைத்த டோன், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அரமாக இருக்கும். கேபினெட்டைப் பின்னால் சாய்த்தோ நாற்காலியில் தூக்கி வைத்தோ, ஸ்பீக்கருக்கு நேரே காதை வைத்து ட்ரெபிளையும் பிரசன்ஸையும் அமையுங்கள். டிரம்ஸோடு சமமாக நிற்கும் சத்தத்தில் அமையுங்கள். மெதுவான சத்தத்தில் காது பேஸையும் உச்ச ட்ரெபிளையும் குறைத்துக் கேட்கும், நாமும் இரண்டையும் ஏற்றிவிடுவோம். மேடையில் அதே செட்டிங் பூதமாகிவிடும்.

டியூப் ஸ்கிரீமர் வகை ஓவர்டிரைவ் பெடலை முன்னால் வைப்பது பழைய தந்திரம்: டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு. சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது டிரைவ் ஏற்றாது, ஆகவே ஆம்ப் செய்யத் தவறிய பேஸ் குறைப்பைப் பெடல் செய்துவிடுகிறது. ஆனால் எஸ்.எல்.ஓ.வுக்கு இது தேவையே இல்லாமல் இருக்க வேண்டும். பெடல் இல்லாமல் ஒரு ஆம்ப் இறுக்கமாகவில்லை என்றால், அந்த ஆம்பை வாங்குவதைப் பற்றி மறுபடி யோசியுங்கள். டீலேயும் ரிவெர்ப்பும் எஃபெக்ட்ஸ் லூப்பில்தான் (ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் பெடலை இணைக்கும் வழி) போக வேண்டும். பழைய எஸ்.எல்.ஓ. லூப்பின் சிக்னல் சில தரைப் பெடல்களுக்கு அதிகம். பெடலே கிளிப் ஆகி, குற்றம் ஆம்ப் மேல் விழும்.

பழைய ஆம்ப் வாங்குவதானால் ஐந்து நிமிடம் செலவழித்துச் சில சோதனைகள். கெய்னை ஏற்றிவிட்டு, உள்ளீட்டுக்குப் பக்கத்து முதல் டியூபைப் பென்சில் முனையால் தட்டுங்கள். லேசான 'டங்' பரவாயில்லை. மணி மாதிரி நீண்டு ஒலித்தாலோ ஊளையிட்டாலோ டியூப் மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டது, ஒரு டியூபோடு தீரும் செலவு. அந்த இடத்தில் 12ஏஎக்ஸ்7-க்குப் பதில் 5751 போட்டால் பெருக்கக் காரணி 100-லிருந்து 70-ஆகக் குறையும். முரட்டு ஆம்பைப் பதமாக்க இதைவிட மலிவான வழி இல்லை. பவர் டியூபுகளை இருட்டில் பாருங்கள், ப்ளேட் செக்கச்செவேலென்று தகித்தால் பயாஸ் (டியூபில் சும்மா ஓடும் மின்னோட்டத்தின் அமைப்பு) போய்விட்டது. 6எல்6ஜிசி-க்கு உச்சம் 30 வாட். ப்ளேட்டில் 480 வோல்ட் இருந்தால் 60 சதவீதக் கணக்கில் ஒரு டியூபுக்கு 37.5 மில்லிஆம்பியர் வரும். ஹை-கெய்னுக்கு அது போதும், 70 சதவீதம் தாண்ட வேண்டாம். ரொம்பவும் குறைத்து வைத்தாலும் தப்பு: சுரம் அடங்கும்போது ஓரத்தில் மணல் உரசும், அதை ப்ரீஆம்பின் குறை என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் நிற்கும், ஆகவே அளக்கத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் டியூப் ஆம்பை ஒரு நிமிடம்கூட வாசிக்கக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பலியாகும்.

சத்தம் விட்டு விட்டு வந்தாலோ மெலிந்து கேட்டாலோ, டியூப்களைக் கழற்றுவதற்கு முன் ஒரு சின்ன கேபிளால் எஃபெக்ட்ஸ் லூப்பின் செண்டையும் (வெளியே போகும் ஜாக்) ரிட்டர்னையும் (திரும்பி வரும் ஜாக்) இணைத்துப் பாருங்கள். உடனே சரியானால் ரிட்டர்ன் ஜாக்கின் ஸ்விட்ச் முனையில் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் தெளித்த ப்ளக்கைப் பத்து முறை உள்ளே வெளியே செருகி எடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது.