உண்ணிக்கொக்கும் சின்னக்கொக்கும்: எதை வைத்துப் பிரித்தறிவது?

மேட்டூர் அணையில் வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும் தண்ணீர் கடைமடை வாய்க்கால்களை எட்டி, குறுவைக்குச் சேறடிக்கத் தொடங்கியதும், டிராக்டரின் பின்னால் கூட்டமாக வந்திறங்கும் வெள்ளைப் பறவைகள் அனைத்தையும் கொக்கு என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டுவிடுகிறோம். அவற்றுள் பெரும்பாலானவை உண்ணிக்கொக்குகள். இடையிடையே சின்னக்கொக்குகளும் இருக்கும்.

நிறத்தை நம்புவதா, அலகையும் நடையையும் நம்புவதா என்று கேட்டால், நான் பின்னதையே சொல்வேன். இனப்பெருக்கக் காலத்தில் உண்ணிக்கொக்கின் தலையிலும் கழுத்திலும் முதுகிலும் செம்மஞ்சள் படரும்போது ஐயமே எழாது. அது மறைந்தபின் இரண்டும் வெள்ளைதான். ஆனால் உண்ணிக்கொக்கின் அலகு மஞ்சளாகவும் சின்னக்கொக்கின் அலகு கறுப்பாகவும் ஆண்டின் பெரும்பகுதியில் இருக்கும். கருங்காலில் மஞ்சள் விரல்கள் என்பது சின்னக்கொக்கின் புகழ்பெற்ற அடையாளம் என்றாலும், சேற்று வயலில் அது பயன்படாது, விரல்கள் சேற்றுக்குள் புதைந்திருக்கும். வேதாரண்யம் உப்பளத்தின் தெளிந்த ஆழமற்ற நீரில் நிலைமை வேறு: ஒரு காலைத் தூக்கி, தண்ணீரை மெல்லக் கலக்கி, மிரண்டோடும் மீனைச் சட்டெனக் கொத்தும்போது அந்த மஞ்சள் பளிச்சென்று தெரியும். உண்ணிக்கொக்கு இப்படி நீரைக் கலக்குவதில்லை. மாட்டின் காலடியில் தலையை முன்னும் பின்னும் அசைத்தபடி நடந்து, எழும்பும் வெட்டுக்கிளிகளைப் பிடிக்கும்.

அலகு மட்டும் போதுமா என்றால், போதாது. மஞ்சள் அலகோடு நிற்கும் இடைக்கொக்கு என்ற மூன்றாவது வெள்ளைக் கொக்கை உண்ணிக்கொக்கு என்று நானே பலமுறை குறித்திருக்கிறேன். அதன் கழுத்து நீளம், உடலும் பெரிது. இனப்பெருக்கக் காலத்தில் அதன் அலகு கறுத்துவிடுவதால் அப்போது குழப்பம் சின்னக்கொக்கின் பக்கம் நகர்கிறது. மடையான் என்னும் இன்னொரு கொக்கைப் பற்றிக் கவலை வேண்டாம்: பறக்கையில் வெண்சிறகு தெரிந்தாலும், வரப்பில் அமர்ந்தவுடன் மண்ணிறத்தில் மறைந்துவிடும்.

கோடியக்கரை, முத்துப்பேட்டை அலையாத்திக் கரைகளில் மட்டும் இன்னொரு போட்டியாளர் உண்டு. கரைக்கொக்கின் வெள்ளை வகை, உருவில் சின்னக்கொக்கை அப்படியே ஒத்திருக்கும். அதன் அலகு கருமையாக இல்லாமல் பழுப்பும் மஞ்சளும் கலந்து, சற்றுத் தடித்திருப்பதைத் தொலைநோக்கியில் பொறுமையாகப் பார்த்த பிறகே பெயரைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.