கபிலக்கல்: கோயில் சுவரைப் பார்த்துவிட்டு ஆற்றுக்குச் செல்லுங்கள்

திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் தனித்து நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்றும் கபிலக்கல் என்றும் அழைக்கிறார்கள். சங்கப் புலவர்களுள் மிகுதியான பாடல்களைப் பாடிய கபிலர் உயிர்நீத்த இடம் இது என்பதற்கு ஊரார் நம்பிக்கையோடு, ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள கல்வெட்டும் துணைநிற்கிறது. புலவர்களுக்காகச் சாலையோரங்களில் எழுப்பிய தூண்களும் சிலைகளும் பலவற்றை நின்று படித்திருக்கிறேன். இந்தப் பாறை அளவுக்கு எதுவும் என்னை அசைத்ததில்லை. ஆனால் அதன் வரலாறு வருபவருக்கு விளங்கும்படி இங்கு ஏற்பாடு போதவில்லை என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

மூவேந்தரும் முற்றுகையிட்ட பறம்புமலையை இழந்து பாரி மாண்டபின், அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டவர் கபிலர். குறுநில மன்னர்களான விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அவர்களை மணந்துகொள்ளும்படி கேட்டும் பயனில்லாமல் போனது. பறம்பு என்று கருதப்படும் பிரான்மலையிலிருந்து திருக்கோவிலூருக்கு நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 200 கிலோமீட்டர். நண்பனின் பெண்களுக்கு ஒரு வாழ்வு அமையும்வரை தம் சாவையும் ஒத்திவைத்த மனிதர் நடந்த தொலைவு அது. கரையில் நின்று பாறையைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்க வேண்டும்.

பாறை பெரியதன்று. மழையும் வெள்ளமும் உருட்டி மழுக்கிய ஒற்றைக் கல்; அதன் உச்சியில் செங்கல்லால் கட்டிய சிறு கோயில். நான் சென்ற மாலையில் ஆற்றில் நீர் குறைந்து மணல் தெரிந்தது. அருகே செல்லச் செல்லப் பாறையின் அடிப்பகுதியில் வெள்ளம் ஏறி இறங்கிய கறை வரிவரியாகத் தெரிந்தது. செங்கல் இடுக்குகளில் புல் முளைத்திருந்தது. அலங்காரம் ஏதுமில்லாத இந்த எளிமைதான் இடத்தின் பெருஞ்சிறப்பு. இதன்மேல் வண்ணம் பூசவோ மின்விளக்குச் சரம் கட்டவோ யாரும் முனையக் கூடாது என்று மனமார விரும்புகிறேன்.

குறை எங்கே என்றால், கல் ஆற்றில் இருக்கிறது, கல்லுக்கான சான்று கோயிலில் இருக்கிறது. இரண்டையும் இணைத்துக் காட்டும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. சிவன் வீரச்செயல் புரிந்த எட்டு இடங்களாகிய அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றான, திருக்கோவிலூர் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துப் பாடல் கல்வெட்டு ஒன்று, பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையருக்கு (இவ்வூரை ஆண்ட மலையமான் குடியினருக்கு) உதவிவிட்டுக் கபிலர் வீடுபேறு எண்ணிக் ‘கனல்புகும் கபிலக்கல்’ என்று இந்த இடத்தைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. புறநானூற்றின் 236ஆம் பாட்டுக்குரிய பழைய குறிப்போ, பாரி மகளிரைப் பார்ப்பார்க்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார் என்கிறது. தீப்புகுந்தாரா, உண்ணாது வடக்கிருந்தாரா? பெண்ணை மணந்தவர் மலையமான் குடியினரா, பார்ப்பனரா? புறநானூற்றுப் பாட்டுக்கும் கல்வெட்டுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. அந்த இடைவெளியில் கதை எப்படி வளர்ந்தது என்பதை வருபவரே யோசிக்கும்படி, இரண்டையும் அருகருகே நல்ல தமிழில் பொறித்து, எளிய உரையும் சேர்த்துக் கரையில் நிறுத்தினால் போதும். பத்து வரிகளுக்கு மேல் தேவைப்படாது. பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வரும் ஊரில் இதைச் செய்யாமல் விடுவது பெரிய இழப்பு.

விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர், பேருந்திலேயே வந்துவிடலாம். சாத்தனூர் அணையிலிருந்து நீர் திறந்திருக்கும் நாட்களில் ஆற்றில் இறங்கவே கூடாது. 2024 டிசம்பரில் தென்பெண்ணை எப்படிப் பெருகியது என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கரையிலிருந்தே பாறை நன்றாகத் தெரியும்.

முதலில் வீரட்டானேசுவரர் கோயிலுக்குச் செல்லுங்கள். கபிலக்கல் என்ற சொல் உள்ள கல்வெட்டு எங்கே என்று கேட்டுப் பார்த்து, அந்த வரியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வெயில் தாழ்ந்ததும் ஆற்றங்கரைக்கு வந்து, பாறையைப் பார்த்தபடி அதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.