112-ஆ, 14416-ஆ?
கேரளத்தின் குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள். நள்ளிரவில் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு சுவரோடு பேசுகிறார், கத்துகிறார். யாரைக் கூப்பிடுவது?

கையில் அரிவாள் இருந்தால் போலீஸை அழைக்கும் அவசர எண் 112தான், யோசிக்கவே வேண்டாம். ஆனால் காக்கியைக் கண்டால் மிரட்சி கூடும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 100-ஆம் பிரிவு: போலீஸ் தன் பொறுப்பில் எடுத்தவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதை ஸ்டேஷனில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

14416, அதாவது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 2022 அக்டோபரில் வந்தது. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள். தமிழைத் தேர்ந்தெடுக்கலாம், அரைகுறை மலையாளத்தில் தடுமாறும் நம்மவர்களுக்கு அதுவே பாதி ஆறுதல். ஆனால் வாசலுக்கு ஆள் வராது. அரிவாள் இல்லையென்றால் நான் முதலில் இதைத்தான் அழைப்பேன்.