மெட்டல் வால்வா, டிஷ்யூ வால்வா? மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்காக ஓர் அலசல்

இதய வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவானதும் டாக்டர் கேட்பது, "மெட்டல் வைக்கலாமா, டிஷ்யூ வைக்கலாமா?" என்றுதான். பெரியாஸ்பத்திரியிலும் சரி, தனியாரிலும் சரி, "நீங்களே பாத்து நல்லதாச் செய்யுங்க" என்று சொல்லிவிடுகிற குடும்பங்கள்தான் அதிகம். அப்படி விட்டுவிட வேண்டாம். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், என்ன வேலை, மாத்திரையை யார் நினைவாக எடுத்துக் கொடுப்பார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். முடிவில் பாதி அதில் இருக்கிறது.

அதற்கு முன் ஒன்று கேளுங்கள்: வால்வை மாற்றாமல் சரிசெய்ய முடியுமா? மிட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) சுருங்கியிருந்து, அதன் இதழ்கள் இன்னும் வளைந்து கொடுத்தால், தொடை ரத்தக்குழாய் வழியாக பலூன் செலுத்தி விரித்துவிடலாம். சில வருடங்களாவது அறுவை சிகிச்சை தள்ளிப்போகும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், மெட்டல் வால்வின் பலம் அதன் ஆயுள். தேய்ந்து போவது அபூர்வம். நம் நாட்டு சித்ரா வால்வு இந்த வகைதான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவாக்கினார்கள். முதல் மூன்று வடிவங்கள் தோற்று, நான்காவதுதான் தேறியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இன்றைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போயிருக்கிறது. வெளிநாட்டு வால்வைவிட விலை குறைவு என்பதற்காக யாரும் தயங்க வேண்டியதில்லை.

டிஷ்யூ வால்வு என்பது மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ பதப்படுத்திச் செய்வது. வீட்டில் இதில் மனத்தடை உள்ளவர்கள் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வயதானவர்களுக்கு 10, 15 வருடம் நன்றாக உழைக்கும். இளம் வயதில் வைத்தால் சுண்ணாம்பு படிந்து சீக்கிரமே கெட்டுப்போகும். அப்புறம் மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டும். இரண்டாவது அறுவை சிகிச்சையில் ஆபத்து முதலாவதைவிடக் கூடுதல். பழைய வால்வுக்குள்ளேயே குழாய் வழியாகப் புது வால்வை வைக்கும் முறையும் வந்திருக்கிறது. ஆனால் செலவு மிக அதிகம். அதை நம்பி இன்றைக்கு முடிவெடுப்பது சரியில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் மெட்டல்தானே? இங்கேதான் நம் ஊர் நிலைமை குறுக்கே வருகிறது. மெட்டல் வால்வில் ரத்தம் உறையப் பார்க்கும். அதனால் ஆயுள் முழுக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மாத்திரை. அளவு சரியா என்று பார்க்க ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. மகாதமனி வால்வுக்கு (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் இருப்பது) பொதுவாக 2 முதல் 3, மிட்ரலுக்கு 2.5 முதல் 3.5 இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி அடைத்து பக்கவாதம் வரலாம். ஏறினால் மூளையிலோ குடலிலோ ரத்தக்கசிவு. அளவு நிலைப்படும் வரை அடிக்கடி, பிறகு ஏறக்குறைய மாதம் ஒரு முறை பார்த்தாக வேண்டும். பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகள் இதற்கு உதவவில்லை. டபிகாட்ரான் ஆய்வை 2013 வாக்கில் பாதியில் நிறுத்தினார்கள், பின்னர் அபிக்சபான் ஆய்வுக்கும் அதே கதிதான்.

பேரையூர்ப் பக்கத்திலிருந்து பரிசோதனைக்காக மதுரை வந்து போகிற கூலிக்காரருக்கு அன்றைய சம்பளம் போச்சு. இரண்டு மாதம் தவறும், பிறகு ஆறு மாதம் ஆகிவிடும். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே விசாரியுங்கள்: உசிலம்பட்டியிலோ திருமங்கலத்திலோ நம்பகமாக ஐ.என்.ஆர். பார்க்கும் லேப் இருக்கிறதா, ரிசல்ட்டைப் போனில் சொன்னால் மாத்திரை அளவை மாற்றிச் சொல்ல யாராவது இருக்கிறார்களா? இரண்டுக்கும் பதில் 'ஆமாம்' என்றால் மெட்டல் துணிந்து வைக்கலாம்.

இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சாப்பாட்டைப் பற்றித் தேவையில்லாத பயம் நிறைய. முருங்கைக்கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் துளிகூட இல்லை என்று மாறி மாறிச் சாப்பிடுவதுதான் ஐ.என்.ஆர். அளவைக் குலைக்கும். உண்மையில் பயப்பட வேண்டியது மூட்டுவலிக்கு மெடிக்கல் கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரைக்கும், என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத சூரணங்களுக்கும். பழனிக்குப் பாதயாத்திரை போனாலும் மாத்திரை பையில் இருக்க வேண்டும்.

வயதை வைத்துப் பார்த்தால், அமெரிக்காவின் 2020 வழிகாட்டி மகாதமனிக்கு 50 வயதுக்குக் கீழும், மிட்ரலுக்கு 65 வயதுக்குக் கீழும் மெட்டல் பக்கம் சாய்கிறது. கலிஃபோர்னியா நோயாளிகளை வைத்து 2017-இல் வெளியான பெரிய ஆய்வில், மிட்ரலில் மெட்டலின் உயிர்காக்கும் பலன் 70 வயது வரை தெரிந்தது. மகாதமனியில் 55 வரைதான். நம் பக்கம் பலருக்குச் சின்ன வயதில் தொண்டைப்புண்ணோடு வந்த ருமாட்டிக் காய்ச்சல்தான் காரணம். மிட்ரல் கெட்டு, முப்பது நாற்பதிலேயே ஆபரேஷனுக்கு வருகிறார்கள். கணக்குப்படி இவர்களுக்கு மெட்டல். ஆனால் அந்தக் கணக்கு, பரிசோதனை எளிதில் கிடைக்கும் ஊரில் போட்டது. மாத்திரை ஒழுங்காக நடக்காத வீட்டில் டிஷ்யூ வைத்து, இரண்டாவது ஆபரேஷனுக்கு மனதைத் தயார்படுத்திக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

குழந்தை பெற விரும்பும் பெண்ணுக்கு நான் தயங்காமல் டிஷ்யூ என்பேன். கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரம் வரை வார்ஃபரின் கருவைப் பாதிக்கலாம். அதற்குப் பதில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசிக்கு மாறினால் வால்வு அடைக்கும் ஆபத்து கூடுகிறது. இதை மாமியாரும் கணவரும் மட்டும் டாக்டர் அறைக்குள் போய்ப் பேசி முடிக்கக் கூடாது. அந்தப் பெண் உட்கார்ந்து கேட்க வேண்டும், அவள்தான் முடிவு சொல்ல வேண்டும்.

பணத்துக்கு முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. உங்களுக்குச் சொல்லும் வால்வு அதற்குள் வருகிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்டரில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வால்வானாலும், ருமாட்டிக் நோயாளிக்குக் காய்ச்சல் திரும்பாமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடும் பென்சிலின் ஊசியை, 'ஆபரேஷன்தான் ஆயிடுச்சே' என்று தானாக நிறுத்த வேண்டாம். பல் பிடுங்கப் போனால், வால்வு வைத்திருப்பதை முதலில் சொல்லி, முன்னதாகவே டாக்டர் எழுதித் தரும் ஆன்டிபயாட்டிக்கைச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்காருங்கள்.